தோட்டத் திடலும் தொழிலாளர் தோழமையும்

தொழில் செய்யுமிடத்தில் ஒற்றுமை வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், அவ்வொற்றுமை எங்கிருந்து பிறக்கிறது, பிறந்தபின் அது யாருக்கு உரியதாகிறது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இன்று ஈப்போ நகரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் அவ்வப்போது விளையாட்டு விழா எடுக்கிறார்கள். ஊழியர்கள் ஒரே நிறச் சட்டையணிந்து, சில பிரிவுகளாய்ப் பிரிந்து, வடம் இழுத்தும் பந்தாடியும் மாலையில் பரிசுடன் வீடு திரும்புகிறார்கள். ஊழியரிடையே குழு உணர்வை வளர்ப்பதற்குத் தற்காலத்தார் கண்ட புதுவழி இது என்று மேலதிகாரிகள் மேடையில் புகழ்கிறார்கள்.

இது புதுவழியன்று. அவ்வூழியருள் பலருடைய பாட்டன்மார் இதே பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், லயத்துக்கும் பால் கொட்டகைக்கும் நடுவேயிருந்த புல்தரையில், மாலைதோறும் கண்ட வழியே இது. அத்திடல்களின் வரலாறு பெரிய ஏடுகளில் இடம்பெறவில்லை. பெறாவிடினும், விளையாட்டினால் தொழிலாளர் எப்போது ஒன்றுபடுகின்றனர், எப்போது ஒன்றுபட்டதுபோல் நடிக்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு அவ்வரலாற்றைவிடச் சிறந்த ஆசான் இல்லை.

தனித்த உழைப்பு

1877ஆம் ஆண்டில் கோலாகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த முப்பது ஆண்டுகளில் அம்மரம் மலாயாவின் காடுகளை விழுங்கிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தவர் பெரும்பாலும் சீனர். பால் வெட்ட வந்தவர் பெரும்பாலும் தமிழர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் கங்காணியின் கைப்பிடித்தே நம் மக்கள் கப்பலேறினர். ஒரே தோட்டத்துக்குச் சேலத்தாரும் வந்தனர், திருச்சிராப்பள்ளியாரும் வந்தனர், தஞ்சையாரும் தென்னார்க்காட்டாரும் வந்தனர். வந்தவர் மூட்டை முடிச்சுகளோடு சாதியையும் கொண்டுவந்தனர். பல தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரிக்கப்பட்டது. இன்ன கங்காணியின் ஆள் என்ற பிரிவு அதற்குமேல் ஒன்று.

ஒரே இடத்தில் வேலை செய்வோர் தாமே ஒன்றுபட்டுவிடுவர் என்று நினைப்பது தவறு. வேலையின் தன்மையை நோக்க வேண்டும். நெல் நடுவோர் ஒரே வரிசையில் நின்று ஒரே பாட்டைப் பாடி நடுகின்றனர். கப்பலில் பாய் இழுப்போர் ஒரே மூச்சில் இழுக்கின்றனர். பால்வெட்டோ தனித்த தொழில். பொழுது விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கொடுத்த தொழிலாளி, இருட்டோடு இருட்டாகத் தன் நிரைக்குப் போய்விடுகிறான். பிறகு அவனும் அவன் கத்தியும் சில நூறு மரங்களுமே. அடுத்த நிரையில் வெட்டுபவன் இருமினால் கேட்கும், முகம் தெரியாது. பகலில் பால் எடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் அவனவன் வாளி அவனவன் நிறைக்கே நிறுக்கப்படும். மேற்பார்ப்பவன் தண்டல், கணக்கெழுதுபவன் கிராணி, அனைவர்க்கும் மேலே துரை. இவ்வமைப்பில் ஒருவன் தனக்கு மேலுள்ளவனை அஞ்சக் கற்கிறான். பக்கத்திலுள்ளவனோடு சேரக் கற்பதில்லை.

அவ்வாறாயின் 'நம் தோட்டம்' என்ற சொல் தொழிலாளியின் வாயில் எப்போது பிறந்தது? கோயில் திருவிழாவில் ஓரளவு பிறந்தது. ஆனால் கோயிலிலும் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு உண்டு. வழக்கில்லாமல் அச்சொல் பிறந்த இடம் மாலைத் திடல்.

மாலைத் திடல்

பால்வெட்டில் ஒரு நன்மை இருந்தது. விடியலில் தொடங்குவதால் பிற்பகலில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மாலைப்பொழுது தொழிலாளியின் கையில் இருந்தது. அப்பொழுதை விலைக்கு வாங்கக் கள்ளுக்கடை காத்திருந்தது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. கள்ளுக்கடைக்கு எதிரே நின்ற ஒரே போட்டிக்கடை, விலையில்லாத கடை, பந்தாட்டத் திடலாகும்.

உதைபந்தைக் கொண்டுவந்தவர் ஐரோப்பியர். துரைமார் பலர் தங்கள் நாட்டுப் பள்ளிகளில் பந்தாடி வளர்ந்தவர்கள். திடலுக்கு நிலமும் கம்பமும் பந்தும் கொடுத்தது அன்பினால் மட்டுமன்று. ஒப்பந்த முறை ஒழிந்தபின் தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றாயிற்று. ஆள் போய்விட்டால் பால் போய்விடும். ஆகவே ஆளை நிறுத்திவைக்க வேண்டும். சண்டை சச்சரவின்றி வைக்க வேண்டும். மறுநாள் பெரட்டுக்கு நலமாக வரச் செய்ய வேண்டும். மாட்டுக்கு நிழல் கட்டுவதுபோல் மனிதனுக்குத் திடல் வெட்டினார்கள் என்று கூறுவாரும் உளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆயினும், கொடுத்தவன் எண்ணம் ஒன்றாகவும் பெற்றவன் பயன் வேறாகவும் அமைவது உலகில் புதிதன்று. காலில் செருப்புமின்றி ஆடிய அவ்விளைஞர்கள் பந்தோடு வேறொன்றையும் கற்றனர். முன்னே நிற்பவன் தன்னந்தனியே பந்தைக் கொண்டுபோனால் தோற்பான். பக்கத்தானுக்குத் தட்டிவிட்டால் வெல்வான். பால் நிரையில் கற்க முடியாத பாடம் இது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வடம் இழுக்கும் போட்டி வைத்தார்கள். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் பந்தயத்திலும் இடம்பெற்றிருந்த அவ்வாட்டத்தில் பலசாலி ஒருவனால் ஆகக்கூடியது ஏதுமில்லை. அனைவர் குதிகாலும் ஒரே நொடியில் மண்ணில் ஊன்ற வேண்டும். அனைவர் மூச்சும் ஒரே குரலுக்கு அடங்க வேண்டும். கங்காணி வேறாயினும், ஊர் வேறாயினும், கயிறு ஒன்று. அடுத்த தோட்டத்தாரோடு ஆட லாரியில் ஏறிச் சென்று திரும்பியபோது அவர்கள் சேலத்தாராகவும் தஞ்சையாராகவும் திரும்பவில்லை. இன்ன தோட்டத்தாராகத் திரும்பினார்கள்.

தொடுதலே ஆட்டம்

சடுகுடுவைப் பற்றித் தனியே கூற வேண்டும். உதைபந்து அயலார் தந்தது. சடுகுடு நம்மவர் நெஞ்சோடு கொண்டுவந்தது. அதற்குத் துரையின் தயவு வேண்டியதில்லை. தரையில் கீறிய கோடு போதும்.

அவ்வாட்டத்தின் விதியை எண்ணிப் பாருங்கள். பாடிச் செல்பவன் எதிர்க்கட்சியானைத் தொட வேண்டும். தொடப்பட்டவன் வெளியேற வேண்டும். எதிர்க்கட்சியாரோ அவனைக் காலிலும் இடுப்பிலும் கட்டிப் பிடித்து மண்ணில் வீழ்த்த வேண்டும். அதாவது, தொடுதலே ஆட்டம். தொட்டால் தீட்டென்று கருதுபவன் சடுகுடு ஆட முடியாது. ஆட வேண்டுமானால் தீட்டை விட வேண்டும். காலையில் ஒருவன் குவளையில் தண்ணீர் குடிக்கக் கூசியவன், மாலையில் அவன் தோளைப் பற்றிச் சங்கிலியாக நின்று எதிரியை மடக்கினான். பிரசங்கம் பல செய்தும் அசையாத கோட்டை, ஒரு மூச்சு நேரத்தில் அசைந்தது. அசைந்தது என்றுதான் சொல்லலாம்; இடிந்தது என்று சொல்ல இயலாது. ஆட்டம் முடிந்தபின் அவரவர் லயத்துக்குத் திரும்பியவர்கள், பெண் கொடுக்கும்போதும் பந்தியில் உட்காரும்போதும் பழைய கணக்கையே பார்த்தனர். திடல் கற்பித்ததை வீடு மறந்தது. இக்குறையை மறைத்துத் திடலைப் புகழ்வது நேர்மையாகாது.

நகரத்திலும் இத்தகைய குறை இருந்தது. ஈப்போவின் பெரிய திடல் நகர நடுவே பசும்பாய் விரித்தாற்போல் கிடந்தது. ஆனால் விளையாட்டுச் சங்கங்கள் இனத்துக்கொன்றாகப் பிரிந்திருந்தன. ஐரோப்பியர் கிளப்பு ஒன்று. சீனர், மலாய்க்காரர், இந்தியர், இலங்கைத் தமிழர் என ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்று. மலாய் நாடுகளின் பொருளால் கட்டப்பட்ட 'மலாயா' என்னும் போர்க்கப்பல் 1921இல் இங்கு வந்தபோது, அதன் மாலுமிகள் நினைவுப் பரிசாக அளித்த கிண்ணமே மலாயாக் கிண்ணமாயிற்று. அதற்குரிய உதைபந்துப் போட்டியில் மாநிலத்தின் பெயரால் ஆட வேண்டியிருந்தது. பேராக் 1926இலும் 1931இலும் அக்கிண்ணத்தை வென்றது. தோட்டத்துத் திடலில் கங்காணிப் பிரிவு கரைந்ததுபோல், மாநிலத் திடலில் இனப்பிரிவு சற்றேனும் கரையலாயிற்று.

பிற நாட்டுப் பாடம்

தொழிலிடத்து விளையாட்டின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1878இல் நியூட்டன் ஹீத் என்னுமிடத்து ரயில்வேத் தொழிலாளர் ஒரு பந்தாட்டக் குழு அமைத்தனர். 1886இல் ஊல்விச் ஆயுதச் சாலைத் தொழிலாளர் தமக்குள் காசு சேர்த்துப் பந்து வாங்கினர். முன்னது இன்றைய மான்செஸ்டர் யுனைடெட். பின்னது இன்றைய ஆர்சனல். நம் இளைஞர் இரவு கண்விழித்துப் பார்க்கும் பெருங்குழுக்கள், உலைக்களத்திலும் ரயில் பட்டறையிலும் பிறந்த ஏழைப் பிள்ளைகள் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

மூன்றாவது ஒன்று நமக்கு இன்னும் நெருங்கிய பாடம். இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டும் பெரிய இரும்பாலை ஒன்றிருந்தது. அதன் தலைவர் ஆர்னால்டு ஹில்ஸ் மதுவிலக்கில் உறுதியுள்ளவர். அவர் ஆதரவில் 1895இல் ஆலைத் தொழிலாளர்க்கென ஒரு பந்தாட்டக் குழு ஏற்பட்டது. 1900இல் அது வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்னும் பெயரில் தனிக் குழுவாயிற்று. ஆலை 1912இல் மூடப்பட்டது. கப்பல்கள் போயின, உலைகள் அணைந்தன, முதலாளியும் மறைந்தார். குழுவோ இன்றும் ஆடுகிறது. அதன் சின்னத்தில் தொழிலாளரின் இரு சுத்தியல்கள் இன்றும் குறுக்கிட்டு நிற்கின்றன. முதலாளி தொடங்கியதாயினும், தொழிலாளர் தமதாக்கிக்கொண்ட விளையாட்டு அத்தொழிலையும் கடந்து வாழும் என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுமோ?

இந்தியாவில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, இரும்பாலை எழுவதற்கு முன்னரே, 1902இல் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், வரப்போகும் தொழில் நகரில் உதைபந்துக்கும் ஹாக்கிக்கும் பரந்த இடம் ஒதுக்க வேண்டுமென்று அறிவுறுத்தினார். ஆலைக்கு இடம் தேடும்போதே ஆட்டத்துக்கும் இடம் தேடிய அறிவு அது. பின்னர் 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான் குழுவினர், ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் அணிந்த ஆங்கிலப் பட்டாளத்தாரைத் தோற்கடித்தனர். திடலில் ஆளுவோனும் ஆளப்படுவோனும் ஒரே விதிக்கு உட்பட்டவர் என்பதை அன்று நாடே கண்டது.

திடலுக்கு வெளியே

இங்குதான் வரலாற்றின் கடுமையான பகுதி வருகிறது. திடலில் ஒரே விதி. திடலைத் தாண்டினால் வேறு விதி. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. ஆட்டத்தில் ஒருவன் காலிலிருந்து பந்தைப் பறிக்கலாம். பாதையில் அவன் முன் சைக்கிளில் உட்காரக்கூடாது! 1941இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிப்பதும், கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களுடைய கோரிக்கைகளாயிருந்தன. அவர்களுக்கு வழிகாட்டிய பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

விளையாட்டு கொடுத்தால் தொழிலாளி சம்பளத்தை மறந்துவிடுவான் என்று எண்ணும் முதலாளிகளுக்கு இது மறுக்கவொண்ணாத விடை. சேர்ந்து நிற்கக் கற்றவன் எதற்காகச் சேர்ந்து நிற்பது என்பதைத் தானே முடிவு செய்வான். போர் முடிந்தபின் கெடா மாநிலத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் எழுந்த தொண்டர் படை, இளைஞரை அணிவகுக்கச் செய்து கள்ளுக்கடை மறியல் நடத்திற்று. துரை அமைத்த அணியன்று அது. தொழிலாளர் தாமே அமைத்தது. அடக்குமுறை அதை ஒடுக்கியது. ஆனால் அது ஊட்டிய கட்டுப்பாடு வீண்போகவில்லை.

இதற்கிடையே சயாம் மரண ரயில்பாதை நம்மவரில் பல்லாயிரவரை விழுங்கியிருந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. ஊரடங்கு மாலைப்பொழுதைச் சுருக்கியது. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் பல ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பிறகு தோட்டங்களைத் துண்டாடி விற்கும் கேடு வந்தது. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து சிறு தவணைகளாய்ப் பணம் கட்டிப் பங்கு வாங்கினர். அப்பங்குகள் தோட்டங்களை வாங்கின. வடம் இழுப்பதற்கும் கூட்டுறவுக்கும் இலக்கணம் ஒன்றே: ஒருவன் கையால் ஆகாதது பலர் கை ஒருங்கே ஊன்றினால் ஆகும்.

பாதித் திடல்

திடலின் பெரும் குறையொன்று உண்டு. பால் வெட்டியவரில் பெண்கள் ஏறத்தாழ ஆண்களுக்கு இணையாக இருந்தனர். ஆயினும் மாலைத் திடல் ஆண்களுடையதாகவே இருந்தது. பெண்ணுக்கு நிரையில் ஒரு வேலை, அடுப்பில் ஒரு வேலை, தொட்டிலில் ஒரு வேலை. பொழுது எங்கே மிஞ்சும்? திருவிழா நாளில் ஓர் ஓட்டப்பந்தயத்தோடு அவள் பங்கு முடிந்தது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1917இல் இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஒரு பந்தாட்டக் குழு அமைத்தனர். 1920ஆம் ஆண்டு இறுதியில் அவர்கள் ஆட்டத்தைக் காண லிவர்பூலில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். மறு ஆண்டே, பெண்ணுக்கு இவ்வாட்டம் தகாதென்று கூறி, ஆங்கில உதைபந்துச் சங்கம் தன் திடல்களை அவர்களுக்கு மூடிற்று. அரை நூற்றாண்டு வரை அக்கதவு திறக்கவில்லை. திறமை இல்லாமையால் தள்ளினார்களா, திறமையைக் கண்டு அஞ்சித் தள்ளினார்களா என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வாராக.

இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பேராக் மாநிலமே காட்டிற்று. தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவ்வாண்டே மலேசியாவின் முதல் தேசிய விளையாட்டு வீராங்கனை என்னும் சிறப்பைப் பெற்றார். இராஜாமணி போன்றார் எத்தனை பேர் லயத்து அடுப்படியிலேயே நின்றுவிட்டனர் என்று எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது.

இன்று செய்யத்தக்கது

ரப்பர் போயிற்று; அதனிடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் புந்தோங் முதலிய நகர்ப்பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். வீட்டுக்கு ஈடு கேட்டோர் உண்டு. கோயிலுக்கும் பள்ளிக்கும் நிலம் கேட்டோர் உண்டு. திடலுக்கு ஈடு கேட்டவர் மிகச் சிலர். இளைஞன் மாலைப்பொழுதைக் கழிக்க இடமின்றித் தெருமுனையில் நிற்கிறான். அங்கும் ஒரு 'குழு' அவனுக்குக் கிடைக்கிறது. அது எவ்வகைக் குழு என்பதைச் சொல்லத் தேவையில்லை. திடலை இழந்த சமூகம் தன் பிள்ளைகளின் ஒற்றுமையுணர்ச்சியைத் தீயவர் கைக்கு ஏலம் விடுகிறது.

ஆதலால் தொழிற்சாலைகளில் நடக்கும் விளையாட்டு விழாவை நாம் இகழவில்லை, வரவேற்கிறோம். ஆயின் வரலாறு சில நிபந்தனைகளை விதிக்கிறது. முதலாவது, ஆட்டத்துக்குரிய நேரம் தொழிலாளியின் ஓய்விலிருந்து திருடப்படலாகாது. ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு அன்பு வளர்ப்பது அன்பாகாது. இரண்டாவது, அதிகாரி ஒரு கட்சி, தொழிலாளி ஒரு கட்சி என்றில்லாமல் சீட்டெடுத்துக் கலந்து ஆட வேண்டும். மேலாளர் தோற்கக்கூடிய ஆட்டமே மெய்யான ஆட்டம். மூன்றாவது, பெண்கள் பார்வையாளராய் நிற்கும் விழா பாதி விழாவே. நான்காவது, இன்று தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் நிற்கின்றனர். அவர்களை அழைக்காத திடல், பழைய லயப் பிரிவினையின் புதிய வடிவமேயாகும். ஐந்தாவது, வெற்றி விருந்தென்று மதுவைத் திறப்போமாயின், காலையில் கட்டியதை மாலையில் இடிப்போராவோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, திடலில் கைகொடுத்தவன் மறுநாள் வேலையிடத்திலும் மனிதனாக மதிக்கப்பட வேண்டும். ஆட்டத்தில் 'தோழா' என்றும் அலுவலில் 'அடே' என்றும் அழைக்கும் இடத்தில் எத்தனை கிண்ணம் வழங்கினாலும் குழு உணர்வு பிறவாது. அன்று சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள் கேட்டது பெரிய செல்வமன்று; திடலில் கிடைத்த சமத்துவம் பாதையிலும் கிடைக்க வேண்டுமென்றே கேட்டார்கள். பேராக் தோட்டங்களின் புல்தரைகள் செம்பனைக்கு அடியில் மறைந்துவிட்டன. அங்கு ஆடியோர் கற்ற பாடம் மறையலாகாது. ஊர்தோறும் தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கோயில் குழுக்களும் முதலில் ஒரு திடலைத் தேடிப் பெறட்டும். அதில் ஒரு கோட்டைக் கீறட்டும். கோட்டின் இருபுறமும் நிற்க வருவோரின் சாதியையும் பதவியையும் கேளாதிருக்கட்டும்.